அந்த ஆறரை லட்சம் எதற்கு?

கேள்வி:

வக்கீல் அக்காவுக்கு,

எனக்கு 38 வயது, வீட்டுக்காரருக்கு 43. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம். மார்த்தாண்டம் பக்கம் சொந்த வீடு, சின்னதாக ஒரு கடை. நாங்கள் கிறிஸ்தவர்கள். திருவனந்தபுரத்தில் மூன்று தடவை ஐவிஎஃப் செய்தோம். மூன்றும் நிற்கவில்லை. இனி உடம்பிலும் தெம்பில்லை, கையிலும் இல்லை.

போன மாதம் தெரிந்த அக்கா ஒருத்தர் வந்தார். முன்பு ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்தவர். "ஒரு சின்னப் பெண்ணு, படிக்கிற பிள்ளை, எட்டாம் மாசம். வெளியே தெரியாம பெத்துக் குடுத்துட்டுப் போயிரும்" என்றார். மொத்தம் ஆறரை லட்சம். அதில் அந்தப் பெண்ணுக்கு ஒரு லட்சமாம். அவளை என் பெயரிலேயே அட்மிட் செய்வார்களாம். கர்ப்பத்தை அரசில் பதிவு செய்ததும் தருகிற பிக்மி நம்பரும் என் பெயருக்கே எடுத்துத் தருவார்களாம். பிறப்புச் சான்றிதழில் நாங்களே அப்பா அம்மா. நான் இரண்டு மாதம் ஊரில் இல்லாமல் இருந்துவிட்டு வந்தால் போதுமாம். வேண்டுமென்றால் தாயிடம் முத்திரைத்தாளில் எழுதியும் வாங்கித் தருகிறார்களாம். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். கொடுத்த பிறகுதான் மனசு உறுத்துகிறது.

டெக்சாஸில் நர்ஸாக இருக்கும் நாத்தனார், "இங்கே எல்லாரும் ஏஜென்சிக்குப் பணம் கட்டித்தான் பிள்ளை எடுக்கிறார்கள், சட்டப்படியே நடக்கிறது, நீ ஏன் பயப்படுகிறாய்" என்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பிரச்சினை தீருகிறது, பிள்ளைக்கு ஒரு வீடு, எங்களுக்கு ஒரு பிள்ளை. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இது பாவமா, குற்றமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நம்பருக்கும் இதை அனுப்பிவிட்டேன். மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆதார் நகல், கையெழுத்து, போட்டோ எதையும் அந்த அக்காவிடம் கொடுக்காதீர்கள். பிக்மி நம்பருக்காக எந்த நர்ஸையும் பார்க்காதீர்கள். போனில் வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

பாவமா என்பதை உங்கள் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அது என் துறை இல்லை. குற்றமா என்றால், ஆம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 81-ஆம் பிரிவு. குழந்தையை விற்பவர் மட்டும் இல்லை, வாங்குபவரும் அதில் வருவார். ஐந்து வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி ஊழியரே இதைச் செய்தால் குறைந்தது மூன்று வருடம், ஏழு வருடம் வரை போகலாம். முறைப்படி போகாமல் குழந்தையைத் தத்து கொடுத்தாலோ எடுத்தாலோ அதற்கு 80-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. "தத்து எடுக்கிறோம், விலைக்கு வாங்கவில்லையே" என்று அந்த அக்கா சொல்வார். பணம் கைமாறிய பிறகு அந்தப் பேச்சைக் கோர்ட்டில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

முத்திரைத்தாள் விஷயம். குழித்துறையிலும் நாகர்கோவிலிலும் கோர்ட் வாசலில் எதை வேண்டுமானாலும் எழுதித் தருவார்கள். அதைத் தத்துப் பத்திரம் என்று நம்பி, பத்து வருடம் கழித்து ஸ்கூல் டிசி வாங்கும்போதோ பாஸ்போர்ட் எடுக்கும்போதோ என்னிடம் வந்தவர்கள் பலர். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் என்று 1956-இல் வந்த ஒன்று இருக்கிறது. பெற்றவர்கள் நேரடியாகக் கொடுக்க, எடுப்பவர்கள் வாங்கிக்கொள்ள அது இடம் தருகிறது. ஆனால் அது இந்து, பௌத்த, சமண, சீக்கியர்களுக்கு மட்டும். நம் மாவட்டத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் அந்தக் கதவே கிடையாது. இந்துக்களுக்குக்கூட, தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. அதனால் அந்தத் தாள் எந்த மதத்துக்காரருக்கும் உதவாது. போலீஸுக்கு வேண்டுமானால் சாட்சியாக உதவும்.

சட்டம் இவ்வளவு போதும். நீங்கள் கேட்ட "யாருக்கு என்ன நஷ்டம்" என்ற கேள்விதான் எனக்கு முக்கியம். அதை நீங்கள் உண்மையாகவே கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெண்ணை உங்கள் பெயரில் அட்மிட் செய்வார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். லேபர் வார்டில் கிடப்பது ஒரு சின்னப் பெண். கேஸ் ஷீட்டில் இருப்பது 38 வயதுக்காரி, உங்கள் பெயர், உங்கள் வீட்டுக்காரர் பெயர். ரத்த வகை யாருடையது? முந்தைய ஸ்கேன், சர்க்கரை, பிரஷர் கணக்கு யாருடையது? பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டி வந்தால், கூடப் போகிறவர்கள் என்ன சொல்வார்கள்? உண்மையைச் சொன்னால் எல்லாரும் மாட்டுவார்கள், சொல்லாவிட்டால் அவள் மாட்டுவாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால், ரெக்கார்டுப்படி செத்தது நீங்கள். அவள் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே கிடையாது.

அடுத்தது பணம். அவளுக்கு ஒரு லட்சம். அதுவும் அந்த அக்கா சொன்ன கணக்குத்தான், அவள் கையில் எவ்வளவு விழும் என்று யார் பார்த்தது? மீதி ஐந்தரை லட்சம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு அவள் பணம் கட்ட வேண்டியதில்லை. தனியாரிலேயே பார்த்தாலும், சிசேரியன் என்றாலும், நம்மூரில் என்ன பில் வரும் என்று உங்களுக்கே தெரியும். அதைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள். அது எதற்கு? குழந்தைக்குத் துணி வாங்கவோ தடுப்பூசி போடவோ இல்லை. ஒருத்தர் பொய் எழுத, ஒருத்தர் கண்டுகொள்ளாமல் இருக்க, அப்புறம் முக்கியமாக, அந்தப் பெண் கடைசி நேரத்தில் மனம் மாறாமல் பார்த்துக்கொள்ள. குழந்தையின் விலை என்று நாம் பேசுகிறோம். உண்மையில் அந்தப் பணம் போவது ஒரு தாயை இல்லாமல் ஆக்குவதற்கு.

2019-இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் போனில் பேரம் பேசிய ஒலிப்பதிவு வெளியாகித் தமிழ்நாடே கேட்டது. ஆண் என்றால் ஒரு விலை, பெண் என்றால் ஒரு விலை, நிறத்துக்கு ஏற்ப ஏற்ற இறக்கம். நுங்கு வியாபாரம் மாதிரி இருந்தது அந்தக் குரல். அதில் என் காதில் தைத்தது விலை இல்லை. பெற்றவளைப் பற்றி அந்தப் பேச்சில் ஏதாவது வருமா என்று காத்துக்கொண்டே கேட்டேன்.

உங்கள் கடிதத்திலும் அவள் வயது இல்லை. "சின்னப் பெண்ணு, படிக்கிற பிள்ளை." என்ன படிக்கிறாள், காலேஜா, பிளஸ் டூவா? பதினெட்டு முடியவில்லை என்றால் கதையே வேறு. 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி அவளுக்கு நடந்தது பாலியல் குற்றம், அவள் சம்மதித்தாள் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. விஷயம் தெரிந்தவர் புகார் சொல்லாமல் இருப்பதும் குற்றம். அவளுக்கு இதைச் செய்தவன் அடுத்த வீட்டுக்காரனோ, சொந்தக்காரனோ, வாத்தியாரோ, யாராகவும் இருக்கலாம். உங்கள் ஆறரை லட்சம் அவனுக்கும் சேர்த்துத்தான் மறைப்பு கட்டுகிறது. இதைப் படிக்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் புரோக்கர் "சின்னப் பெண்ணு" என்று சொன்னால் உடனே வயதைக் கேட்கிற பழக்கம் என் தொழில் கொடுத்தது.

முறைப்படி நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால், மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிற ஒரு பெண். இருபது வயது, கல்யாணம் ஆகவில்லை. குழந்தை பிறந்து ஒரு வாரத்தில் குழந்தைகள் நலக் குழு முன்னால் வந்து, வளர்க்க முடியாது என்று ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் விரல் நுனியெல்லாம் முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்து வெந்திருந்தது. கைரேகை எடுக்க வந்தவர் இரண்டு தடவை துடைத்துப் பார்த்தார். "இது போகாது சார்" என்றாள். குழுவினர் அவளிடம் சொன்னார்கள்: "இரண்டு மாதம் டைம் இருக்கு. அதுக்குள்ள மனசு மாறினா வந்து வாங்கிட்டுப் போகலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." அவள் தலையைக் குனிந்தபடியே போனாள். இவள் வர மாட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

நாற்பத்தொன்றாவது நாள் வந்தாள். கூடவே அவள் அம்மா. முதல் பஸ்ஸுக்கே கிளம்பியிருக்கிறார்கள், ஆபீஸ் திறக்கும்போது வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதில் இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு டவல், ஒரு பால் பாட்டில். வீட்டுக் காலண்டரில் பென்சிலால் நாள் எண்ணியிருக்கிறாள். அவள் அம்மாதான் பேசினார், "எப்படியாவது வளர்த்துக்கிடுதோம்." அவள் வாயே திறக்கவில்லை. பிள்ளையைக் கொடுத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாரும் வருவதில்லை. அதே வருடம் இன்னொருத்தி வரவில்லை. அறுபது நாள் கழித்துக் குழு, அந்தக் குழந்தையைத் தத்து கொடுக்கலாம் என்று அறிவித்தது. வெளிமாவட்டத் தம்பதியிடம் போனது. அதுவும் நல்லபடியாகத்தான் முடிந்தது. அவள் யார், எங்கே என்பது ரகசியமாகவே இருக்கிறது. வெளியே தெரியக் கூடாது என்கிற பெண்ணுக்கு அரசு வழியிலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. புரோக்கர்கள் இதை அவளிடம் சொல்ல மாட்டார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முந்திரிக்காரப் பெண் பிள்ளையைத் திரும்ப வாங்கிப் போனபோது, எந்த ஊரிலும் எந்தத் தம்பதியும் அழவில்லை. ஏனென்றால் அந்த அறுபது நாள் முடியும்வரை அந்தக் குழந்தையின் படம் யாருக்கும் காட்டப்படவில்லை. முதலில் தாயின் முடிவு. அது உறுதியான பிறகுதான் எடுக்கிறவர்களின் பெயரே வரும். இந்த வரிசைதான் எல்லாம். உங்களிடம் வந்த அக்கா இதைத் தலைகீழாக்குகிறார். பிள்ளை பிறக்கும் முன்னமே உங்களை ஆசை காட்டிக் கட்டிப்போட்டாயிற்று, அட்வான்ஸும் வாங்கியாயிற்று. இனி அவள் "வேண்டாம், நானே வளர்க்கிறேன்" என்றால் புரோக்கருக்கு நஷ்டம், நர்ஸிங் ஹோமுக்கு நஷ்டம், உங்களுக்கு நெஞ்சே வெடிக்கும். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அவள் மனம் மாறக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். அதை நான் சம்மதம் என்று எழுத மாட்டேன்.

நாத்தனார் சொல்வது பொய்யில்லை. அமெரிக்காவில் தனியார் ஏஜென்சி வழியாகத் தத்தெடுப்பது சட்டப்படி நடக்கிறது. பல பத்தாயிரம் டாலர் ஆகும். கர்ப்பத்திலேயே தாயையும் எடுக்கப்போகிற குடும்பத்தையும் சேர்த்துவைப்பார்கள். அவள் ஆஸ்பத்திரிச் செலவு, சில இடங்களில் வீட்டு வாடகைகூட, எடுக்கிறவர்கள் பணத்திலிருந்து போகும். நாத்தனார் இருக்கிற டெக்சாஸில் பிள்ளை பிறந்து 48 மணி நேரம் ஆனதும் தாய் எழுதிக் கொடுக்கலாம். லைசென்ஸ் உள்ள ஏஜென்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. இரண்டு நாள், தங்கச்சி. பால் கட்டி நெஞ்சு வலிக்க ஆரம்பிக்கிற நேரம் அது. மூன்று மாதமாக உன் வாடகையைக் கட்டியவர்கள் வராந்தாவில் பலூனோடு நிற்கும்போது, "நான் கொடுக்கவில்லை" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அங்கேயே பலர் இதை எதிர்த்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சில ஏஜென்சிகளில் கறுப்பினக் குழந்தைக்கு ஒரு கட்டணம், வெள்ளைக் குழந்தைக்கு அதைவிடக் கூடுதல் கட்டணம் என்று இருந்ததும் வெளியே வந்தது. ராசிபுரத்துப் போன் பேச்சுக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பதாலேயே அங்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. அங்கே செல்லுபடியாகிறது என்பதால் இங்கே செல்லுபடியாகப் போவதும் இல்லை.

அரசு வழி என்றால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு இளம் தாயின் பிள்ளையை, பிறந்த சில நாளிலேயே அவளைப் பெற்றவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். அது அரசு சார்ந்த அமைப்பு வழியாகத் தத்துக்குப் போய், ஆந்திராவில் ஒரு தம்பதியிடம் வளர்ந்தது. தாய் தெருவில் இறங்கிப் போராடி, டிஎன்ஏ பரிசோதனை நடந்து, 2021 நவம்பரில்தான் பிள்ளை அவள் கைக்கு வந்தது. அந்த ஆந்திராத் தம்பதி ஒரு விதியையும் மீறாதவர்கள், வரிசையில் காத்திருந்து வாங்கியவர்கள். அவர்கள் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. அதே 2021-இல் மதுரையில் ஒரு காப்பகத்தில், கொரோனாவில் இறந்ததாகக் கணக்குக் காட்டிய குழந்தை உயிரோடு இன்னொரு வீட்டில் மீட்கப்பட்டது. எங்கெல்லாம் தாயைத் தாண்டிக் காரியம் நடந்ததோ அங்கெல்லாம் கடைசியில் எடுத்தவர் வீட்டு வாசலில்தான் போலீஸ் ஜீப் வந்து நின்றது. உங்கள் வாசலில் அது வரும்போது பிள்ளைக்கு மூன்று வயதாக இருக்கலாம், உங்களை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கும்.

போலீஸே வரவில்லை, யாருக்கும் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒருவர் பாக்கி இருக்கிறார். எனக்கு வந்த ஒரு வழக்கு: அப்பா இறந்துவிட்டார், கொஞ்சம் ரப்பர் தோட்டம், ஒரே மகன். சித்தப்பா மக்கள் "இவன் எங்க பெரியப்பா பிள்ளையே இல்லை, டிஎன்ஏ பார்க்கணும்" என்று மனுப் போட்டார்கள். கோர்ட் அதற்கெல்லாம் லேசில் உத்தரவு போடாது. ஆனால் மனு என்று ஒன்று வந்ததே போதும், வீட்டில் அம்மா உடைந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இதே கதைதான், வேறொரு பெண்ணை இவர் பெயரில் அட்மிட் செய்தது. பத்தொன்பது வயதுப் பையன் கோர்ட் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சொத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கேட்டான்: "அப்போ என் பிறந்த நாளாவது சரிதானா மேடம்?"

எனக்குத் தெரியவில்லை. அவன் அம்மாவுக்கும் தெரியவில்லை, கொண்டுவந்து கொடுத்த தேதிதான் அவருக்குத் தெரியும்.

முறைப்படி தத்தெடுத்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது. மாவட்ட ஆட்சியரின் உத்தரவு வந்ததும் சட்டத்தின் கண்ணில் அது நீங்கள் பெற்ற பிள்ளையேதான், சொத்துரிமை உட்பட. முன்பு இந்த உத்தரவைக் கோர்ட் கொடுத்தது, 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியர் கொடுக்கிறார். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் நேர்வழியிலேயே ஏறும். நாளைக்கு அந்தப் பிள்ளை வளர்ந்து தன் வேர் என்ன என்று தேடினால், தாயின் ரகசியம் கெடாத அளவுக்கு விவரம் கேட்க ஒரு கோப்பாவது இருக்கும்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். காரா என்கிற மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் போர்டலில் நீங்களே பதிவு செய்யலாம், புரோக்கரும் வேண்டாம் வக்கீலும் வேண்டாம். கணவன் மனைவி வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 85-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு 81, தகுதி இருக்கிறது. இரண்டிலிருந்து நாலு வயதுப் பிள்ளை என்றால் 90 வரை. பதிவு செய்ததும் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். வீடு பளிங்குத் தரையா என்று பார்க்க வருவதில்லை, நீங்கள் இருவரும் ஒரே மனதாக இருக்கிறீர்களா என்று பார்க்க வருகிறார்கள். மாமியாரிடமும் பேசுவார்கள், அதனால் அவருக்கு முன்னமே சொல்லிவையுங்கள். உங்கள் முறை வந்ததும் குழந்தையின் படமும் மருத்துவ அறிக்கையும் வரும், 48 மணி நேரத்துக்குள் சரியென்று சொல்ல வேண்டும். கட்டணம் உண்டு, விதியில் எழுதிய கட்டணம், ரசீதோடு. மொத்தமும் ஒரு லட்சத்தைத் தொடாது. எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாகர்கோவிலில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் என்னென்ன சான்று வேண்டும் என்று சொல்லித் தருவார்கள்.

காத்திருப்புதான் பெரிய கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். நாடு முழுக்கச் சட்டப்படி நடக்கும் தத்து வருடத்துக்கு நாலாயிரத்தைச் சுற்றித்தான். காத்திருப்பவர்களோ முப்பதாயிரத்துக்கும் மேல். பச்சிளம் குழந்தைதான் வேண்டும் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகலாம். இந்தத் தாமதத்தின் மேல்தான் புரோக்கர்கள் கடை போட்டிருக்கிறார்கள், அதில் எனக்கு அரசின் மேல் கோபமும் உண்டு. காப்பகங்களில் எத்தனையோ பிள்ளைகள், பார்க்க யாரும் வராமல், தத்துக்கு உரிய பிள்ளை என்று அறிவிக்கப்படாமலும் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை பரவாயில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அதைப் பதிவிலேயே குறிப்பிடலாம். தோன்றாவிட்டால் கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள். தொட்டிலில் போட்டுத் தாலாட்டுகிற ஆசை பதின்மூன்று வருடத்து ஆசை, அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஐம்பதாயிரம் போனது போகட்டும். அதைக் கேட்டு அந்த அக்கா வீட்டுக்குப் போகாதீர்கள். போனால் "வேறொண்ணு வருது, கொஞ்சம் பொறுங்க" என்பார், நீங்கள் பொறுப்பீர்கள். கொடுத்ததை மறைக்கவும் வேண்டாம். இந்த வாரமே என்னையோ நீங்கள் நம்புகிற வேறொரு வக்கீலையோ வீட்டுக்காரரோடு நேரில் பாருங்கள். பிள்ளை கைக்கு வருவதற்கு முன்னால் தானாக வந்து சொல்கிறவரும், பிறகு பிடிபடுகிறவரும் ஒன்றில்லை.

அந்தப் பெண்ணுக்காகவும் நீங்கள் ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது. நீங்கள் விலகிக்கொண்டால் அந்த அக்கா வேறொரு வீட்டுக்குப் போவார். இவள் அதே நர்ஸிங் ஹோமில் வேறொருத்தி பெயரில் படுப்பாள். 1098-க்குக் கூப்பிட்டால் குழந்தைகள் உதவி மையம் விசாரிக்கும். அவளுக்குப் பதினெட்டு தாண்டியிருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. அவள் பெயர் உங்களுக்குத் தெரியாது, சரி. நர்ஸிங் ஹோம் பெயர் தெரியுமே, அது போதும். எட்டாம் மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கடிதம் எழுதி இன்றைக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது.